விளைச்சல் குறையாமல் வாயு உமிழ்வைக் குறைக்க எந்த வழி முதலில்?

விவசாயத்திலிருந்து வரும் பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்க வேண்டும் என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. எதைச் செய்து குறைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பதில். விளைச்சலைக் கூட்டினால் போதும், காடு தானாகவே தப்பிக்கும் என்கிறார்கள் சிலர். ரசாயன உரத்தை நிறுத்து என்கிறார்கள் வேறு சிலர். மாட்டைக் குறை, வயலைக் காயவிடு, மண்ணில் கரிமத்தைச் சேர் என்று இன்னும் பல குரல்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் அளவுக்குப் பணமும் ஆளும் எந்தப் பண்ணையிலும் இல்லை, எந்த அரசிடமும் இல்லை. அதனால் வரிசை முக்கியம். எதில் முதலில் கை வைப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கின் அளவைப் பார்த்துவிடலாம். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. நிபுணர் குழுவான ஐபிசிசியின் கணக்குப்படி, 2019-இல் மனிதர்களால் வெளியான பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 22 சதவீதம் விவசாயம், காடு, நிலப் பயன்பாடு ஆகியவற்றிலிருந்து வந்தது. அதில் ஏறக்குறைய பாதி, காட்டை அழித்து நிலமாக்குவது போன்ற நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் வருவது. மீதியில் பெரும்பங்கு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும். மீத்தேன் அசைபோடும் கால்நடைகளின் வயிற்றிலிருந்தும், தண்ணீர் நிற்கும் நெல் வயலிலிருந்தும், சாணக் குழியிலிருந்தும் வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடு பெரும்பாலும் நாம் போடும் தழைச்சத்திலிருந்து, அதாவது நைட்ரஜனிலிருந்து வருகிறது, அது யூரியாவாக இருந்தாலும் சரி, தொழுவுரமாக இருந்தாலும் சரி.

இரண்டு வாயுவின் குணமும் வேறு. பூமியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம். மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். நைட்ரஸ் ஆக்சைடு நூறு ஆண்டுக்கும் மேல் தங்கும். மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். நைட்ரஸ் ஆக்சைடை இன்று விட்டால் பேரப்பிள்ளைகள் காலம் வரை அது போகாது. வரிசை போடும்போது இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

எதை வைத்து அளப்பது?

இங்கேதான் பல வாதங்கள் திசைமாறிப் போகின்றன. ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு வாயு வெளியாகிறது என்று அளந்தால், குறைவாக இடுபொருள் போட்டுக் குறைவாக விளைவிப்பவர் நல்லவராகத் தெரிவார். ஒரு கிலோ தானியத்துக்கு எவ்வளவு என்று அளந்தால், அதே ஆள் மோசமானவராகத் தெரியக்கூடும். மக்கள் கிலோ கணக்கில்தான் சாப்பிடுகிறார்கள், ஹெக்டேர் கணக்கில் இல்லை. ஒரு நிலத்தில் விளையாதது வேறு எங்கோ விளைந்தாக வேண்டும்.

இதற்கு நல்ல சான்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு. இங்கிலாந்தும் வேல்ஸும் முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு மாறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். அந்த நிலங்களில் வெளியாகும் வாயு குறைந்தது. ஆனால் உணவு உற்பத்தியும் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட வெளிநாடுகளில் கூடுதல் நிலம் தேவைப்படுவதையும் கணக்கில் சேர்த்தபோது, மொத்த உமிழ்வு கூடிவிட்டது. உள்ளூர்க் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் பெரிய வெற்றி என்று அறிவித்திருப்பார்கள்.

ஆனால் கிலோ கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டாலும் ஆபத்து இருக்கிறது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2005 முதல் 2015 வரையிலான உலகப் பால் உற்பத்தியை ஆராய்ந்தது. பால் 30 சதவீதம் கூடியது. ஒரு கிலோ பாலுக்கான உமிழ்வு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மொத்த உமிழ்வோ 18 சதவீதம் கூடியது. வானத்துக்குத் தெரிவது மொத்தம்தான்.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். ஒரு கிலோ விளைபொருளுக்கு உமிழ்வு குறைகிறதா? மொத்தம் குறைகிறதா? அதைச் செய்ய எவ்வளவு நிலம் வேண்டும்? மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் வழிகள் சிலதான்.

விளைச்சலைக் கூட்டிக் காட்டைக் காப்பது

இந்த வாதத்துக்குப் பெரிய பின்புலம் உண்டு. குட்டை ரகக் கோதுமையைக் கொண்டுவந்து, 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: இருக்கிற நிலத்திலேயே அதிகம் விளைவித்தால் புதிய நிலம் தேவைப்படாது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் கணக்காகவே போட்டது. 1961-க்குப் பிறகு விளைச்சல் உயராமல், கூடுதல் உணவை எல்லாம் கூடுதல் நிலத்தில் விளைவித்திருந்தால், 2005 வரை 590 பில்லியன் டன் கரியமில வாயுவுக்குச் சமமான வாயு அதிகமாக வெளியேறியிருக்கும் என்பது அதன் முடிவு. உரம் தயாரிப்பதிலும் போடுவதிலும் வந்த கூடுதல் உமிழ்வைக் கழித்த பிறகும் இந்த அளவு மிச்சம்.

எண் பெரிதுதான். ஆனால் இது 'அப்படி நடக்காமல் போயிருந்தால்' என்ற கற்பனைக் கணக்கு. விளைச்சல் உயராமல் இருந்தால் விலை ஏறியிருக்கும், மக்கள் சாப்பிடுவதும் மாறியிருக்கும். அதனால் அந்த எண்ணை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்வதே நியாயம். திசை சரி, அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் 1865-இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரி விஷயத்தில் கண்டது. இயந்திரம் சிக்கனமாகும்போது நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. விவசாயத்திலும் அதே கதை நடக்கும். ஆனால் எல்லாப் பயிரிலும் இல்லை. அரிசி, கோதுமை போன்ற அடிப்படை உணவின் விலை பாதியானாலும் யாரும் இரண்டு மடங்கு சாப்பிடப் போவதில்லை. அங்கே விளைச்சல் உயர்ந்தால் நிலம் மிஞ்சும். சோயா, பாமாயில், மாட்டிறைச்சி போன்றவற்றுக்கு உலகச் சந்தை பெரியது. அங்கே விளைச்சல் உயர்ந்து லாபம் கூடினால், காட்டோரத்தில் இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டத்தான் தோன்றும்.

இதை உடைத்த உதாரணம் பிரேசில். அமேசானில் 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அந்த ஆண்டு செயல்திட்டம் ஒன்று வந்தது. செயற்கைக்கோள் மூலம் காடழிப்பை உடனுக்குடன் கண்காணித்து ஆள் அனுப்பினார்கள். 2006-இல், புதிதாக அழித்த காட்டில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று பெரிய வணிக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2008-இல், நிலச் சட்டங்களை மதிக்காத பண்ணைகளுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினமானது. 2012-இல் காடழிப்பு 4,571 சதுர கிலோமீட்டராக இறங்கியது. அதே காலத்தில் சோயா உற்பத்தி குறையவில்லை, கூடியது. பிறகு பிடி தளர்ந்தபோது, 2021-இல் காடழிப்பு மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. விளைச்சல் இரண்டு காலத்திலும் உயர்ந்துகொண்டுதான் இருந்தது. மாறியது வேலியும் காவலும்தான்.

என் முடிவு இது. காட்டோரப் பகுதிகளில் விளைச்சலைக் கூட்டும் திட்டத்துக்கு அரசோ வங்கியோ பணம் போடும்போது, காடழிப்புத் தடையை அதே ஒப்பந்தத்தில் கட்ட வேண்டும். தனியாகப் போட்டால் அந்தப் பணம் காட்டுக்கு எதிராகவே வேலை செய்யும். ஏற்கெனவே நிலம் முழுவதும் விவசாயத்தில் இருக்கும் பகுதிகளில் இந்தக் கவலை குறைவு.

இயற்கை வேளாண்மைக்கு மாறுவது

மண்ணுக்கும் நீருக்கும் பூச்சி, பறவைகளுக்கும் இது செய்யும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேள்வி வாயு உமிழ்வைப் பற்றியது என்பதால் அதை மட்டும் பார்க்கிறேன். 2012-லும் 2015-லும் வெளியான பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள், இயற்கை முறையில் சராசரி விளைச்சல் 19 முதல் 25 சதவீதம் குறைவு என்று கண்டன. பயறு வகைகளைச் சுழற்சியில் வைத்து நன்றாகப் பராமரிக்கும் பண்ணைகளில் இந்த இடைவெளி சுருங்குகிறது. தழைச்சத்து அதிகம் கேட்கும் தானியங்களில் விரிகிறது. ஒரு ஹெக்டேருக்கு வாயு குறைவதும், நிலம் அதிகம் தேவைப்படுவதும் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன.

திடீரென்று மாறுவதுதான் பெரிய ஆபத்து. இலங்கை அரசு 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்த முடிவு செய்தது. போதுமான மாற்று உரமும் இல்லை, பழக அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஒரு நாட்டின் விவசாயிகளைப் பரிசோதனைக்கு உட்படுத்தியதாகவே இதைப் பார்க்கிறேன், வருத்தத்தோடு சொல்கிறேன்.

தழைச்சத்தைச் சரியான அளவில் போடுவது

பலரும் அலட்சியப்படுத்தும் இந்த வழியைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். காரணத்தை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

100 கிலோ யூரியாவை எடுத்துக்கொள்வோம். அதில் 46 கிலோ நைட்ரஜன். வயலில் போடும் நைட்ரஜனில் சராசரியாக ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது என்பது ஐபிசிசி பயன்படுத்தும் பொதுவான விகிதம். அதாவது 0.46 கிலோ நைட்ரஜன், வாயுவாக எடைபோட்டால் சுமார் 0.72 கிலோ. அதை 273-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 200 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா மண்ணில் கரையும்போது அதிலிருக்கும் கரிமமே கரியமில வாயுவாக வெளியேறுவது இன்னொரு 73 கிலோ. தொழிற்சாலையில் இயற்கை எரிவாயுவையோ நிலக்கரியையோ எரித்து அம்மோனியா தயாரித்த செலவு இதற்கு மேல். ஆக, வீணாகப் போடும் ஒவ்வொரு கிலோ யூரியாவும் தன் எடையைப் போலச் சுமார் மூன்று மடங்கு வாயுவை வயலில் இருந்தே விடுகிறது.

வீணாகப் போவது கொஞ்சநஞ்சம் இல்லை. உலக அளவில் பயிருக்குப் போடும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகத்தான் அறுவடையில் வந்து சேர்கிறது. மீதி நிலத்தடி நீரில் இறங்குகிறது, அம்மோனியாவாகப் பறக்கிறது, ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகிறது. அதோடு இந்த உமிழ்வு நேர்கோட்டில் ஏறுவதும் இல்லை. பயிரின் தேவை வரை மெதுவாக ஏறி, தேவையைத் தாண்டியதும் வேகமாக ஏறுகிறது. அதனால் கடைசியாகப் போடும் சில கிலோக்களைக் குறைத்தால் விளைச்சல் அசையாது, வாயு மட்டும் நன்றாகக் குறையும். மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் இப்படி ஒரே நேரத்தில் நல்ல பதில் தருவது அபூர்வம்.

இது காகிதக் கணக்கு இல்லை. சீனாவில் 2005 முதல் 2015 வரை நடந்த ஒரு முயற்சியில் சுமார் 2 கோடியே 10 லட்சம் சிறு விவசாயிகள் பங்கெடுத்தார்கள். அந்தந்தப் பகுதியின் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப எவ்வளவு உரம், எப்போது, எந்த ரகம், எவ்வளவு நெருக்கம் என்று பரிந்துரைகளைத் தயாரித்து, வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலும் விளைச்சல் சராசரியாகச் சுமார் 11 சதவீதம் கூடியது. நைட்ரஜன் பயன்பாடு பயிரைப் பொறுத்து 15 முதல் 18 சதவீதம் வரை குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இதில் இல்லை. ஆள், பயிற்சி, பொறுமை, இவ்வளவுதான்.

கையில் எடுக்கும் கருவிகளும் எளியவை. நெல்லின் இலையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை வெளிறும்போது மட்டும் மேலுரம் கொடுப்பது. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது. மண் பரிசோதனை செய்துவிட்டு அடியுரத்தை முடிவு செய்வது. நைட்ரஜன் மாற்றத்தைத் தாமதப்படுத்தும் மருந்து கலந்த உரங்கள் நைட்ரஸ் ஆக்சைடைப் பல சோதனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்திருக்கின்றன. அவற்றுக்கு விலை அதிகம், அதனால் அளவைச் சரிசெய்த பிறகே அவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் இந்த அறிவுரை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2006-இல் அபுஜாவில் கூடி, ஹெக்டேருக்கு சுமார் 8 கிலோவாக இருந்த உரப் பயன்பாட்டை 50 கிலோவாக உயர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். அவ்வளவு குறைவாக உரம் போடும் நிலத்தில் மண்ணே சத்தை இழந்துகொண்டிருக்கும். அங்கே உரத்தைக் கூட்டினால் ஹெக்டேருக்கு வாயு கூடும், கிலோவுக்குக் குறையும், காட்டின் மீதான நெருக்கடியும் தளரும். அங்கே போய் உரத்தைக் குறை என்று சொல்வது அநியாயம். அதிகம் போடும் இடத்தில் குறைப்பதும், பட்டினி கிடக்கும் மண்ணில் கூட்டுவதும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள்.

நெல் வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைப்பது

நெல் பயிரிடுகிறவருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கலாம். தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அந்த நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேர்க் கசிவையும் மீத்தேனாக மாற்றுகின்றன. அந்த மீத்தேனில் பெரும்பங்கு நீரில் குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாகவே மேலே ஏறிப் போகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று புகுந்து இந்த வேலை நின்றுபோகிறது.

பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு வகுத்த முறை யாரும் செய்யக்கூடியது. ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் பக்கங்களில் துளையிட்டு, பாதிக்கு மேல் மண்ணில் இறங்கும்படி வயலில் பதிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மண்ணுக்குக் கீழே நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம். பார்க்க வயல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் வேருக்கு நீர் எட்டும் தூரத்தில்தான் இருக்கும். பூக்கும் தருணத்தில் மட்டும் ஒரு வாரம் முன்னும் பின்னுமாக நீரைத் தேக்கி வைக்க வேண்டும். நட்டவுடன் களை முளைக்கும் காலத்திலும் நீர் நிற்பது நல்லது.

இப்படிச் செய்தால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைகிறது. தண்ணீர் சுமார் கால் பங்கு மிச்சமாகிறது. 15 சென்டிமீட்டர் எல்லையை மதித்தால் விளைச்சலில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. கடுமையாகக் காயவிட்ட சோதனைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விளைச்சல் போயிருக்கிறது. அந்தக் குழாய்க்காகச் செலவிடும் சிறு தொகை அவ்வளவு முக்கியம். கண்ணால் பார்த்துக் காயவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நனைவதும் காய்வதுமாக இருக்கும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். யூரியாவை அளவுக்கு மேல் போட்டுவிட்டு வயலைக் காயவிட்டால், மீத்தேனில் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி அங்கே கரைந்துவிடும். ஆகவே தண்ணீரும் தழைச்சத்தும் ஒன்றாகவே மாற வேண்டும். வைக்கோலையும் கவனிக்க வேண்டும். பாய்ச்சுவதற்குச் சற்று முன்பு பச்சையாக மடக்கி உழுதால் மீத்தேன் பல மடங்கு கூடும். அறுவடை முடிந்த கையோடு, நிலம் ஈரமில்லாமல் இருக்கும்போது மடக்கினால் நீர் நிற்பதற்குள் பெரும்பகுதி மக்கிவிடும்.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எல்லோரும் செய்யவில்லை? பம்பு ஓடும் நேரத்துக்குப் பணம் கட்டுகிறவருக்கு மிச்சம் கையில் தெரியும். பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவருக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை. கால்வாயில் முறை வைத்து நீர் விடும் இடத்தில், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர் வயலை நிரப்பி வைக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே மாற வேண்டியது கால்வாய் நிர்வாகம். வியட்நாம் 2023-இல் மீகாங் டெல்டாவில் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வு நெல் திட்டத்தை அங்கீகரித்து, 2030-ஐ இலக்காக வைத்திருக்கிறது. விதை, நீர், வைக்கோல், விற்பனை எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்தது எனக்குச் சரியான அணுகுமுறையாகப் படுகிறது.

கால்நடையில் எந்தப் பக்கம் போவது?

ஒரு மாடு பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உயிர் வாழத் தீனி தின்ன வேண்டும், அந்தத் தீனிக்கு மீத்தேன் விட்டே ஆக வேண்டும். ஆண்டுக்கு 1,000 லிட்டர் கறக்கும் மாடு 60 கிலோ மீத்தேன் விடுகிறது, 5,000 லிட்டர் கறக்கும் மாடு 100 கிலோ விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் லிட்டருக்கு 60 கிராம், இரண்டாவதில் 20 கிராம். ஆண்டுக்கு 2,000 லிட்டர் வரை கறவை உயரும்போது இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கிறது, அதற்கு மேல் சமமாகிவிடுகிறது. ஆகவே குறைவாகக் கறக்கும் மந்தைகளில்தான் பெரிய லாபம். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் பண்ணையில் இன்னும் ஆயிரம் லிட்டர் கூட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது. தானியத் தீவனம் கூடும், அதற்கான நிலமும் உரமும் கூடும்.

கறவையைக் கூட்ட எடுத்தவுடன் அதிகப் பால் தரும் கலப்பினம்தான் வேண்டும் என்று இல்லை. மடிநோய்க்குச் சிகிச்சை, கன்று இறப்பைத் தடுப்பது, முதல் கன்று ஈனும் வயதைக் குறைப்பது, பயறு வகைத் தீவனம், இவையே போதும். அமெரிக்காவில் 2007-இல் ஒரு கிலோ பாலுக்கான உமிழ்வு 1944-இல் இருந்ததில் 37 சதவீதம்தான் என்று ஓர் ஆய்வு கண்டது. அதே அளவு பாலுக்கு ஐந்தில் ஒரு பங்கு மாடுகளே போதுமாயின. ஆனால் மேலே சொன்ன உலகக் கணக்கை நினைவில் வையுங்கள். மந்தையின் எண்ணிக்கை குறைந்தால்தான் இந்த லாபம் வானத்துக்கும் லாபம். குறைவான மாடு, நல்ல பராமரிப்பு என்ற ஜோடியாக வந்தால் இந்த வழி என் பட்டியலில் மூன்றாவது.

தீவனத்தில் கலக்கும் மருந்துகளைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள். 3-என்ஓபி என்ற வேதிப்பொருள் கறவை மாடுகளில் மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை அனுமதித்தது. ஆனால் பால் கூடுவதில்லை, அதனால் பண்ணைக்காரருக்குச் செலவு மட்டும்தான். மேய்ச்சலில் இருக்கும் மாட்டுக்குத் தினமும் கொடுப்பதும் கடினம். வெளியிலிருந்து யாராவது பணம் கொடுத்தால், அல்லது வாயுவுக்கு விலை வைத்தால்தான் இது ஓடும். டென்மார்க் 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு வரி விதிக்க 2024-இல் முடிவு செய்தது. மொத்த உமிழ்வில் பாதியளவு விவசாயத்திலிருந்து வரும் நியூசிலாந்து, அதே ஆண்டில் இத்தகைய விலைத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. கொள்கை இப்படி ஊசலாடும்போது, சிறு பண்ணைக்காரர் சொந்தப் பணத்தை இதில் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

யார் எதை முதலில் எடுப்பது?

நெல் விவசாயியாக இருந்து, தண்ணீரும் உங்கள் கையில் இருந்தால், குழாயும் இலை வண்ண அட்டையும் ஒரே பருவத்தில் தொடங்குங்கள். கோதுமை, மக்காச்சோளம் போன்றவை பயிரிட்டு, உரத்தைத் தாராளமாகப் போடும் பகுதியில் இருந்தால், மண் பரிசோதனையும் பிரித்துப் போடுவதும்தான் முதல் செலவு. ஒரு மூலையில் மட்டும் உரத்தைக் குறைத்துப் போட்டு, அறுவடையைத் தனியாக எடைபோட்டுப் பாருங்கள். அந்த எடை தரும் தைரியத்தை எந்தப் பிரசாரமும் தராது. கால்நடை வைத்திருப்பவர் நோயையும் கன்று இழப்பையும் குறைத்து, கறக்காத மாடுகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

அரசு தரப்பில் முடிவெடுப்பவர்களுக்கு வரிசை வேறு. காட்டோரமும், வடிகால் வெட்டி வறண்டுபோன கரிச்சதுப்பு நிலங்களும் (முழுதாக மக்காத தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்புகள்) இருந்தால் அவைதான் முதலில். கரிச்சதுப்பைக் காயவைத்துப் பயிரிட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் ஆண்டுதோறும் கரியமில வாயுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அங்கே எவ்வளவு நல்ல விளைச்சல் வந்தாலும் ஒரு கிலோவுக்கான கணக்கு தேறாது. அந்த நிலத்தில் மறுபடி நீரைத் தேக்குவதுதான் வழி. அதற்கடுத்து விரிவாக்கப் பணியாளர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும். சீனத்து முயற்சி காட்டியது அதைத்தான்.

மண் கரிமத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன்?

2015 பாரிஸ் மாநாட்டின்போது, மண்ணின் கரிமத்தை ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு கூட்டுவோம் என்ற முயற்சி தொடங்கியது. தொழுவுரம், மூடாக்கு, பசுந்தாள், உழவில்லா சாகுபடி எல்லாம் மண்ணுக்கு நல்லவை, நீரைப் பிடித்து வைக்கும், விளைச்சலை நிலைப்படுத்தும். அதற்காகவே செய்யலாம். வாயுக் கணக்கில் அவற்றை நம்புவதில்தான் எனக்குத் தயக்கம்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்ட பகுதியில் மண் கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் வேகம் முதல் சில பத்தாண்டுகளில்தான். பிறகு ஏறுவது மிகவும் மெதுவாகிவிட்டது. 35 டன் தொழுவுரம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். அது வேறு நிலத்தில் விளைந்த கரிமம்தான், இடம் மாறியிருக்கிறது. உழவில்லா சாகுபடியிலும், மேல் சில சென்டிமீட்டரில் கரிமம் கூடுவது உண்மை. ஆழமாகத் தோண்டி அளந்தால் பல இடங்களில் மொத்த வித்தியாசம் மிகவும் சிறிதாகிறது. ஒரு தடவை மறுபடி உழுதால் சேர்த்ததில் ஒரு பகுதி போய்விடும். மீத்தேனையோ நைட்ரஸ் ஆக்சைடையோ விடாமல் தடுத்தது அப்படித் திரும்பி வராது.

மண்ணில் சேரும் கரிமத்தைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் கிரெடிட் என்று ஒப்பந்தத்தோடு யாராவது வந்தால், கையெழுத்துப் போடுமுன் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணை எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வரை அளக்கிறார்கள்? முதல் அளவு எப்போது, யார் செலவில் எடுக்கப்படும்? எத்தனை ஆண்டு உழக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறார்கள், நிலத்தை விற்றாலோ குத்தகை மாறினாலோ அந்தக் கட்டுப்பாடு யார் தலையில் விழும்? வறட்சியில் கரிமம் குறைந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? அப்புறம், ஒரு டன்னுக்கு வாங்குபவர் கொடுக்கும் விலையில் எத்தனை பங்கு உங்கள் கைக்கு வரும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, தொழுவுரத்தை உங்கள் வயலின் நலனுக்காகவே போடுங்கள்.